ஹைட்ரோஸ் கொட்டினால் ஈரத்துணியைத் தொடாதீர்கள்

சாயப்பட்டறையில் எது கொட்டினாலும் கை முதலில் தண்ணீர்க் குழாயைத்தான் தேடும். சோடியம் ஹைட்ரோசல்ஃபைட், அதாவது நம் ஹைட்ரோஸ், கொட்டும்போது அந்தப் பழக்கமே தீ மூட்டிவிடும்.

இந்த வெள்ளைத் தூளில் சிறிது ஈரம் பட்டாலே சிதையத் தொடங்கும். சிதையும்போது சூடு பிறக்கும். அந்தச் சூடு பக்கத்துத் தூளையும் சிதைக்கும். கூடவே தீக்குச்சி எரிந்த நெடியோடு சல்ஃபர் டை ஆக்சைடு கிளம்பும். ஆஸ்துமா உள்ளவருக்கு அது சிறிதளவே போதும், மூச்சு இறுகிவிடும். 1995 ஏப்ரல் 21 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் லோடியில், ஹைட்ரோஸும் அலுமினியத் தூளும் கலந்துகொண்டிருந்த இயந்திரத்துக்குள் தண்ணீர் கசிந்தது. வெடிப்பில் 5 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

கொட்டிய தூள் காய்ந்திருக்கிறதா, புகை இல்லையா? அப்படியானால் கண்ணாடி, கையுறை, அமில வாயுவை வடிகட்டும் கேட்ரிட்ஜ் பொருத்திய முகக்கவசம் போட்டுக்கொண்டு, காய்ந்த பிளாஸ்டிக் அள்ளியால் அள்ளுங்கள். துணி மாஸ்க் தூசியைக் கொஞ்சம் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. அள்ளியதைக் காய்ந்த வாளியில் போட்டு, இறுக மூடாமல், மழை படாத திறந்த இடத்தில் தனியாக வையுங்கள். இறுக மூடினால் உள்ளே வாயு அழுத்தம் ஏறும். வீணாகிறதே என்று பழைய டிரம்மிலேயே திருப்பிக் கொட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தரையில் ஒட்டிய ஈரம் டிரம் முழுவதற்கும் போய்விடும். மரத்தூள் போட்டு ஒற்றவும் கூடாது, அது எரியும் பொருள். ஹைப்போ (துணி வெளுக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்), ஆசிட் சிந்திய தரைப்பக்கம் தூளைத் தள்ளவே கூடாது. முழுக்க அள்ளிய பிறகே தரையை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புகை வந்துவிட்டால் கணக்கு தலைகீழ். ஆட்களைக் காற்று வீசிவரும் பக்கமாக வெளியேற்றி, தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். மண் போட்டு மூடுவதோ கார்பன் டை ஆக்சைடு அடிப்பதோ பலிக்காது. எரிய இதற்கு வெளிக்காற்று தேவையில்லை. தூரத்தில் நின்று வெள்ளமாகத் தண்ணீர் பாய்ச்சினால்தான் அடங்கும். ஒரு மக் மட்டும் ஊற்றுவது தீயை ஊதி வளர்ப்பதற்குச் சமம்.

இவ்வளவும் பெரும்பாலும் சாயத் தொட்டியில் முக்கியெடுத்த ஈர மக்கை அப்படியே டிரம்முக்குள் விடுவதில்தான் தொடங்குகிறது. ஹைட்ரோஸுக்கென்று ஒரு காய்ந்த அள்ளியை டிரம் பக்கத்திலேயே மாட்டிவையுங்கள். விலை அதிகம் இராது.