மூன்று நாள் புகைந்த உடல்

1613 ஜூன் 26. இங்கிலாந்தின் தென்கரையில் கிரைஸ்ட்சர்ச் ஊரை ஒட்டிய ஒரு கிராமம். ஜான் ஹிட்செல் என்ற தச்சர் மனைவி, குழந்தையோடு படுத்திருந்தபோது வீட்டில் இடி விழுந்தது. அவரும் குழந்தையும் இறந்துபோனார்கள். மனைவிக்குக் கையிலும் விலாவிலும் தீக்காயம். புருஷனை எப்படியோ வெளியே இழுத்துப் போட்டாள். தீச்சுடரே தெரியாமல் அந்த உடல் மூன்று பகல், மூன்று இரவு புகைந்து சாம்பலானது, தண்ணீருக்கும் அடங்கவில்லை என்று ஒரு போதகர் அதே ஆண்டு சிறு நூலாக எழுதினார். அவருக்கு அது தெய்வக் கோபம். அந்த மூன்று நாள் கணக்குக்குக் கண், காது, மூக்கு வைத்திருக்கலாம், மற்றபடி நடக்கக்கூடியதுதான்.

சாதாரண மின்னலில் சுமார் 30,000 ஆம்பியர் பாயும், அதன் பாதை 30,000 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கும். ஆனால் அந்த உச்சம் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட நீடிப்பதில்லை. பெரும்பகுதி தோலின் மேலாகவே வழிந்தோடிவிடும். அதனால் மின்னல் ஆளை எரித்துக் கொல்வது அபூர்வம். இதயத்தையும் மூச்சையும் நிறுத்தித்தான் கொல்கிறது.

கட்டில்வரை எப்படி வந்தது? அந்தக் காலத்துக் கிராமத்து வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டம், மண்சுவர், வைக்கோல் கூரை. காய்ந்த மரத்தில் மின்சாரம் எளிதில் ஓடாது. உப்புநீர் நிறைந்த மனித உடலில் ஓடும். எனவே சுவரிலோ உத்திரத்திலோ இறங்கும் மின்னல், பக்கத்தில் இருப்பவர்மேல் தாவிவிடும். யார்மேல் எவ்வளவு பாய்கிறது என்பது சில அங்குலத்தில் மாறும். ஒரே படுக்கையில் ஒருத்தி மட்டும் பிழைத்தது அப்படித்தான் இருக்க வேண்டும். இழுத்தபோது அவளுக்கு ஷாக் அடித்திருக்காது. மின்னல் பட்ட உடலில் மின்சாரம் தங்குவதில்லை.

சரி, அப்புறம் எரிந்தது எது? சில மின்னல்களுக்கு வால் உண்டு. உச்சம் முடிந்த பிறகும் சில நூறு ஆம்பியர் அரை நொடிபோல ஓடிக்கொண்டிருக்கும். படுக்கைத் துணியும் வைக்கோலும் பற்றிக்கொள்ள அது போதும். அதன்பின் உடல், உள்ளே வெளியே மாறிய மெழுகுவத்திதான்: கொழுப்பு உருகித் துணியில் ஊற, துணி திரியாகிறது. 1998இல் தடயவியல் நிபுணர் ஜான் டிஹான், செத்த பன்றியைப் போர்வையில் சுற்றிக் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திப் பார்த்தார். சின்னச் சுடர் மணிக்கணக்கில் நின்று எரிந்தது. எலும்புகள் கை பட்டாலே நொறுங்கின.

தண்ணீர் ஊற்றியும் அணையாததில் மாயம் ஏதுமில்லை. மேலே நனையும், அடியில் கொழுப்பில் ஊறிய துணி கனன்றுகொண்டே இருக்கும், ஈரம் காய்ந்ததும் மறுபடி புகையும்.