ரவுட்டரை அணைப்பதற்கு முன்

திருகோணமலையில் வடகீழ்ப் பருவமழை தொடங்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மின்சாரம் ஒரு கணம் போய் வருவது புதிதல்ல. மின்குமிழ் ஒரு தடவை சிமிட்டியதோடு சரி. ஆனால் அதன் பிறகு வீட்டில் ஒருவர் ‘நெட் வேலை செய்யவில்லை’ என்பார். இன்னொருவர் எழுந்துபோய் ரவுட்டரின் ஆளியை அணைத்து மறுபடி போடுவார். பெரும்பாலும் அத்தோடு எல்லாம் சரியாகிவிடும். சரியாகிவிடுவதனாலேயே என்ன கோளாறு நடந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. பார்க்க நினைத்தாலும் தடயம் எல்லாம் அணைத்த கணத்திலேயே அழிந்துபோயிருக்கும்.

அணைத்துப் போடுவது ஏன் பலன் தருகிறது என்பதிலிருந்தே தொடங்கலாம். ரவுட்டர் என்பது திரையும் விசைப்பலகையும் இல்லாத ஒரு சிறிய கணினி. வீட்டிலுள்ள கைத்தொலைபேசிகள், மடிக்கணினி, தொலைக்காட்சி ஆகிய எல்லாவற்றுக்கும் அது 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளைக் கொடுத்துவிட்டு, வெளியுலகுக்கு ஒரே ஒரு முகவரியை மட்டும் காட்டுகிறது. எந்தக் கருவி எந்தத் தளத்தோடு பேசிக்கொண்டிருக்கிறது என்பதை ஓர் அட்டவணையில் எழுதி வைத்தால்தான் திரும்பி வரும் பதிலை உரிய கருவியிடம் சேர்க்க முடியும். மலிவான ரவுட்டர்களில் இந்த அட்டவணைக்கான நினைவகம் குறைவு. பல கருவிகள் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் திறக்கும்போது அது நிரம்பிவிடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் காணொளி ஓடும், புதிய பக்கம் மட்டும் திறக்காது. அணைத்துப் போட்டால் அட்டவணை வெறுமையாகிறது. அதே செயலில் கருவிகளுக்குக் கொடுத்த முகவரிகள் புதுப்பிக்கப்படுகின்றன, வானொலி அலைவரிசை மறுபடி தெரிவு செய்யப்படுகிறது, சேவை நிறுவனத்துடனான தொடர்பு புதிதாக ஏற்படுத்தப்படுகிறது. நான்கு வைத்தியங்களை ஒன்றாகச் செய்துவிட்டு நோய் எது என்று கேட்டால் பதில் கிடைக்காது. ஆண்டுக்கு ஒரு தடவை என்றால் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. வாரத்துக்கு மூன்று தடவை என்றால் அணைப்பதற்கு முன் சில நிமிடங்கள் பார்க்கத்தான் வேண்டும்.

கைத்தொலைபேசியிலிருந்து புறப்படும் கோரிக்கை முதலில் வானொலி அலையாக ரவுட்டரை அடைய வேண்டும். அதற்கு ஒரு முகவரி கிடைத்திருக்க வேண்டும். ரவுட்டருக்கு வெளியுலகத் தொடர்பு இருக்க வேண்டும். தளத்தின் பெயர் அதன் முகவரி எண்ணாக மாற வேண்டும். இறுதியாக, மறுமுனையில் இருப்பது உண்மையான தளம்தான் என்று உறுதிப்பட வேண்டும். ‘நெட் இல்லை’ என்ற ஒரே முறைப்பாட்டுக்குள் இந்த ஐந்தில் எதுவும் ஒளிந்திருக்கலாம்.

வானொலி அலையில் ஏமாற்றுவது, திரையின் மூலையில் தெரியும் வைஃபைக் கோடுகள். அவை சமிக்ஞை எவ்வளவு வலிமையாக வருகிறது என்பதைச் சொல்கின்றனவே தவிர, அந்த அலைவரிசையில் எவ்வளவு நெரிசல் என்பதைச் சொல்வதில்லை. வைஃபைக் கருவி எதுவும் பேசுவதற்கு முன் செவிமடுக்கும். அதே அலைவரிசையில் வேறொருவர் பேசிக்கொண்டிருந்தால், அது பக்கத்து வீட்டு ரவுட்டராக இருந்தாலும், காத்திருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் எண்ணிக்கைக்கு 13 அலைவரிசைகள் இருந்தாலும் அவை ஒன்றின்மேல் ஒன்று படிந்தவை. ஒன்றையொன்று தொடாமல் இயங்கக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்றே. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதிகள் நெருங்கியிருக்கும் ஒழுங்கைகளில் நின்று கைத்தொலைபேசியில் வைஃபைப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அத்தனை பெயர்களும் இந்த மூன்று இடங்களுக்குள்தான் அடைபட்டிருக்கின்றன. சுற்றுலாப் பருவத்தில் மட்டும் மாலை நேரத்தில் வேகம் குறைவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இடம் தாராளம், ஆனால் அந்த அலை சீமெந்துச் சுவரில் விரைவாக வலுவிழக்கிறது. ஆகவே ரவுட்டர் இருக்கும் அறைக்கும் அடுத்த அறைக்கும் 5, தூரத்து அறைக்கு 2.4 என்று வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. நுண்ணலை அடுப்பும் ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதால், சோறு சூடாக்கும் இரண்டு நிமிடம் மட்டும் காணொளி நின்று நின்று ஓடினால் மந்திரவாதியைத் தேட வேண்டியதில்லை.

சந்தேகம் வானொலியிலா வேறெங்கிலுமா என்று அறிய எளிய வழி, மடிக்கணினியை ரவுட்டரோடு வலைக்கம்பியால் இணைப்பது. கம்பியில் வேகமும் வைஃபையில் மந்தமும் என்றால் பிரச்சினை காற்றில்தான்.

ஆனால் கடலோர ஊரில் கம்பியையும் முழுதாக நம்பிவிட முடியாது. வலைக்கம்பியின் முனையில் இருக்கும் ஒளிபுகும் பிளாஸ்ரிக் செருகியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எட்டு மெல்லிய தகடுகள் தெரியும். அவை செப்புக் கலவையால் ஆனவை. மேலே நிக்கல், அதன் மேல் மிக மெல்லிய தங்க முலாம். மலிவான செருகிகளில் இந்த முலாம் பெயருக்குத்தான் இருக்கும். உப்புக் காற்று கொண்டுவரும் குளோரைட்டும் ஈரமும் முலாமின் நுண்ணிய துளைகள் வழியே இறங்கி அடியிலுள்ள செம்பை அரிக்கும்போது தகட்டின் ஓரத்தில் பச்சையாகப் பூக்கிறது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. எட்டுக் கம்பிகளும் நான்கு சோடிகள். செக்கனுக்கு 1000 மெகாபிட் வேகத்துக்கு நான்கு சோடிகளும் தேவை, 100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடிகள் போதும். ஒரு தகடு அரித்து, 100 மெகாபிட்டுக்குத் தேவைப்படாத ஒரு சோடி கெட்டுப்போனால், பெரும்பாலான கருவிகள் இணைப்பை முழுதாகக் கைவிடாமல் சத்தமின்றி 100-க்கு இறங்கிவிடுகின்றன. விளக்கு எரியும், ‘இணைக்கப்பட்டுள்ளது’ என்று திரை சொல்லும், பத்தில் ஒரு பங்கு வேகம்தான் வரும். கணினியின் வலையமைப்பு விபரங்களில் இணைப்பு வேகம் என்ற வரியைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். துடைத்துப் பார்ப்பதைவிட புதிய கம்பி வாங்குவது மேல். அரிப்பைச் சுரண்டினால் மிஞ்சியிருக்கும் முலாமும் போய்விடும்.

அடுத்தது முகவரி. வலையமைப்பில் புதிதாகச் சேரும் கருவி, முகவரி தர யாராவது இருக்கிறீர்களா என்று எல்லோரிடமும் பொதுவாகக் கேட்கிறது, ரவுட்டர் ஒன்றை முன்மொழிகிறது, கருவி அதை வேண்டுகிறது, ரவுட்டர் உறுதிசெய்கிறது. டிஎச்சிபி எனப்படும் இந்த ஒழுங்கில் முகவரி சொந்தமாகக் கொடுக்கப்படுவதில்லை, ஒரு காலத்துக்குக் குத்தகையாகவே கொடுக்கப்படுகிறது. பாதிக்காலம் கழிந்ததும் கருவி அதைப் புதுப்பிக்க முயலும். சில ரவுட்டர்கள் குத்தகைக் கணக்கை அழியும் நினைவகத்திலேயே வைத்திருக்கின்றன. மின்சாரம் ஒரு கணம் போனதும் ரவுட்டர் எல்லாவற்றையும் மறந்து எழும்புகிறது; மின்கலத்தில் ஓடும் மடிக்கணினியோ மறக்கவில்லை. பழைய முகவரியை அது பிடித்துக்கொண்டிருக்கையில் அதே முகவரி தம்பியின் கைத்தொலைபேசிக்கும் கொடுக்கப்பட்டுவிட்டால் இரண்டும் மாறிமாறித் தடுமாறும். இதற்கு ரவுட்டரை அணைக்கத் தேவையில்லை. தடுமாறும் கருவியின் வைஃபையை நிறுத்தி மறுபடி இயக்கினாலே புதிய முகவரி கிடைக்கும்.

முகவரியே கிடைக்காவிட்டால் விண்டோஸ் கணினி தனக்குத் தானே 169.254 என்று தொடங்கும் ஒன்றைச் சூட்டிக்கொள்கிறது. அமைப்புகளில் அந்த எண்ணைக் கண்டால் கோளாறு உங்கள் வீட்டுச் சுவர்களுக்குள்ளேதான் இருக்கிறது. சேவை நிறுவனத்தை அழைத்து அரை மணிநேரம் இசை கேட்டுப் பயனில்லை.

முகவரி சரி என்றால், 1983-இல் மைக் மூஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் எழுதிய ‘பிங்’ என்ற சிறு நிரல் உதவும். ஓர் எண்ணுக்குச் சிறு பொதி அனுப்பி, அது திரும்பி வர எவ்வளவு நேரம் எடுத்தது என்று சொல்வதே அதன் முழு வேலை. முதலில் ரவுட்டரின் முகவரிக்கு. பதில் ஓரிரு மில்லிசெக்கனில் வர வேண்டும். அடுத்து, தளப் பெயர்களை எண்ணாக மாற்றித் தரும் கூகுளின் பொதுச் சேவையகமான 8.8.8.8-க்கு, மூன்றாவதாக ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு. ரவுட்டர் பதில் தந்து 8.8.8.8 தராவிட்டால் கோளாறு பெரும்பாலும் வெளியே இருக்கிறது. ஃபைபர் இணைப்பில் அந்நேரம் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளியே வந்துசேரவில்லை என்று பொருள், கம்பி எங்கோ முறிந்திருக்கலாம் அல்லது அலுமாரிக்குப் பின்னால் அளவுக்கு மீறி மடிந்திருக்கலாம். பதில் வந்தும் தாமதம் பெரிதாக இருந்தால் தூரத்தைக் குறைசொல்ல முடியாது. கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்கிறது. திருகோணமலைக்கும் கொழும்புக்கும் இடையே 250 கிலோமீற்றர் இழை என்று கொண்டால் போய்வர 2.5 மில்லிசெக்கன் போதும். 300 மில்லிசெக்கன் எடுக்கிறது என்றால் பொதிகள் எங்கோ வரிசையில் காத்து நிற்கின்றன. வீட்டிலேயே யாரோ படங்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டிருப்பதும் காரணமாகலாம்.

8.8.8.8 பதில் தருகிறது, பெயருக்கு மட்டும் பதில் இல்லை என்ற நிலைதான் மிகச் சுவையானது; ஆபத்தும் இங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1983-இல் போல் மொக்கபெற்றிஸ் வடிவமைத்த டிஎன்எஸ் முறையில், பெயரை எண்ணாக மாற்றும் வேலையை உங்கள் கணினி தானே செய்வதில்லை. ரவுட்டர் சுட்டிக்காட்டும் ஒரு சேவையகத்திடம் கேட்கிறது. அது, உச்சியில் இருக்கும் 13 பெயர்கொண்ட மூலச் சேவையகங்களில் தொடங்கி, ‘.lk’ என்று முடியும் பெயரானால் இலங்கைக்குரிய ஆள்களப் பதிவேடு வழியாகப் படிப்படியாக இறங்கி விடையைக் கண்டுபிடிக்கிறது. 2010 முதல் ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் பெயர்களும் இதே படிகளில்தான் தேடப்படுகின்றன. அந்தச் சேவையகம் பழுதானால் எண்கள் வேலை செய்யும், பெயர்கள் செய்யா. அமைப்புகளில் வேறொரு சேவையகத்தைக் கொடுத்தால் தீர்ந்தது.

அந்தச் சேவையகம் பழுதாகாமல் பொய் சொன்னால்? டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல் செய்தது இதைத்தான். கணினிகளிலும், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத வீட்டு ரவுட்டர்களிலும் நுழைந்து, பெயர் கேட்கும் இடத்தைத் தன் ஆட்களின் சேவையகங்களுக்குத் திருப்பிவிட்டது. 2011 நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வுத் துறை அந்தக் கும்பலைப் பிடித்தபோது உலகெங்கும் சுமார் 40 இலட்சம் கணினிகள் இப்படித் திரும்பியிருந்தன. அந்தச் சேவையகங்களை உடனே நிறுத்தினால் அத்தனை வீடுகளிலும் ‘நெட் இல்லை’ என்றாகிவிடும் என்பதால், நீதிமன்ற ஆணையின்படி அவற்றின் இடத்தில் நல்ல சேவையகங்களை வைத்து 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அதுவரை எந்தக் கோளாறும் தென்படவில்லை.

பெயர் பொய்யான இடத்துக்கு இட்டுச்சென்றாலும் தடுத்து நிறுத்த இன்னொரு காவல் உண்டு. மறுமுனைத் தளம் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும். அது அந்தப் பெயருக்குரியதா, காலாவதியாகவில்லையா என்று உலாவி சரிபார்த்து, பொருந்தாவிட்டால் எச்சரிக்கைப் பக்கம் ஒன்றைக் காட்டும். இந்த எச்சரிக்கைப் பக்கத்தைக் கண்டதும் ‘பரவாயில்லை, தொடர்க’ என்று அழுத்தும் பழக்கம் நம்மவர்களிடம் நிறையவே இருக்கிறது. அதற்கு ஓரளவு காரணம் பழைய கணினிகளின் மணிக்கூடு. தாய்ப்பலகையில் ஒரு சிறு படிகம் செக்கனுக்கு 32,768 தடவை அதிர்கிறது. அந்த எண்ணை 15 தடவை பாதியாக்கினால் செக்கனுக்கு ஒரு துடிப்பு கிடைக்கும், அதை எண்ணியே கணினி நாளையும் நேரத்தையும் அறிகிறது. மின்சாரம் இல்லாத வேளையில் இதை ஓடவைப்பது நாணயம் போன்ற 3 வோல்ற் மின்கலம். அது தீர்ந்த பழைய மேசைக்கணினி, மின்வெட்டுக்குப் பிறகு பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய் எழும்பும். அன்றைய நாளில் இன்றைய சான்றிதழ்கள் எவையும் இன்னும் பிறக்கவில்லை என்பதால் எல்லாத் தளங்களுக்கும் எச்சரிக்கை காட்டும். ஆகவே எல்லாத் தளங்களிலும் எச்சரிக்கை வந்தால் முதலில் திரையின் மூலையில் நாளைப் பாருங்கள். நாள் சரியாக இருந்து, வங்கித் தளத்துக்கு மட்டும் எச்சரிக்கை வந்தால் அங்கே ஒரு எழுத்தும் தட்டச்சு செய்யாதீர்கள். அதே தளத்தை வைஃபையை அணைத்து டேட்டாவில் திறந்து பாருங்கள். அங்கே ஒழுங்காகத் திறந்தால் சந்தேகத்துக்குரியது உங்கள் ரவுட்டர்.

திரை முழுக்கச் சிவப்பாகி, கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று அலறும் பக்கம் இவற்றோடு சேர்ந்ததல்ல. அது வெறும் இணையப் பக்கம். உலாவியை மூடினால் போதும்.

ரவுட்டரைச் சந்தேகிக்கும் இடத்தில் அணைத்துப் போடும் வைத்தியம் முற்றாகத் தோற்கிறது. 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் இட்ட பயனர் பெயரும் கடவுச்சொல்லுமாக 60-க்கும் மேற்பட்ட சோடிகள் கொண்ட ஒரு பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு இலட்சக்கணக்கான ரவுட்டர்களையும் கண்காணிப்புக் கமெராக்களையும் பிடித்தது. அது நினைவகத்தில் மட்டுமே வாழ்ந்ததால் அணைத்தால் போய்விடும். கடவுச்சொல் மாறாமல் இருந்தால் சில நிமிடங்களில் மறுபடி வந்துவிடும். வைஃபையை ஒரு பொத்தானில் இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியின் எட்டு இலக்க எண்ணும் இப்படி ஏமாற்றுவதே. பத்துக் கோடி வாய்ப்புகள் போலத் தோன்றினாலும் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு இலக்கம். ரவுட்டர் எண்ணை இரு பாதிகளாகத் தனித்தனியே சோதிப்பதால் 10,000-உம் 1,000-உம் சேர்ந்த 11,000 முயற்சிகள் போதும் என்று 2011-இல் வெளிப்பட்டது. அந்த வசதியை நிறுத்திவைப்பதால் வீட்டில் யாருக்கும் ஒரு குறையும் வராது.

ரவுட்டர் அந்நியர் கட்டுப்பாட்டுக்குப் போய்விட்டது என்று உறுதியானால் பின்புறத்துச் சிறு துளைக்குள் ஊசியால் பத்து செக்கன் அழுத்தித் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அப்படிச் செய்யும்போது சில இணைப்புகளில் சேவை நிறுவனம் தந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சேர்ந்தே அழிந்துவிடும். அவற்றை முன்கூட்டியே ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். அழித்தபின் முதல் வேலையாக, வைஃபைக் கடவுச்சொல்லை அல்ல, ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி திறந்திருந்தால் அதை மூடுங்கள். அதன் பிறகு நிறுவனத்தின் மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால் ஏற்றிவிட்டு, மற்றக் கருவிகளை ஒவ்வொன்றாக இணையுங்கள்.