பேனலில் தெரிவது தீயின் வெப்பநிலை அல்ல

கடலூர் சிப்காட் பக்கம் பாய்லர், உலை வேலைகளுக்குப் போகும்போது ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். பேனலில் வரும் எண்ணை அப்படியே ‘தீ வெப்பநிலை’ என்று லாக் புக்கில் எழுதிவிடுகிறார்கள். அது உலைக்குள் நுழைத்திருக்கும் தெர்மோகப்பிள் என்ற வெப்பநிலை உணரியின் முனை வெப்பநிலை மட்டுமே. சுற்றியுள்ள சுவரும் தண்ணீர்க் குழாய்களும் தீயைவிடக் குளிர்ந்தவை. முனை அவற்றுக்கு வெப்பத்தைக் கதிராக இழந்துகொண்டே இருக்கும். நூறு டிகிரிக்கு மேல்கூடக் குறைத்துக் காட்டலாம். அந்தக் குறைந்த எண்ணைப் பார்த்து எரிபொருளைக் கூட்டினால் குழாய்களுக்கு ஆபத்து. சுமார் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காற்றை மாசாக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வேகமாகப் பெருகும்.

நிறத்தை நம்புவது இன்னும் மோசம். கடல் காற்றின் உப்பிலுள்ள சோடியமே தீயை மஞ்சளாக்கிவிடும்.

தீக்குள் எதையும் நுழைக்காமல் அளக்க ஆய்வகங்களில் ஒரு வழி உண்டு. தீயின் ஊடே மைக்ரோவேவ் அலையை அனுப்பி, மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று பார்ப்பது. சூட்டில் அணுக்களிலிருந்து பிரிந்த எலக்ட்ரான்கள் அலையோடு சேர்ந்து ஆடி, வாயு மூலக்கூறுகளில் மோதி, அந்த ஆற்றலைக் கொடுத்துவிடும். அலை எவ்வளவு நலிந்ததோ, அதிலிருந்து எலக்ட்ரான் அடர்த்தி தெரியும். அப்புறம், எந்தச் சூட்டில் எவ்வளவு எலக்ட்ரான்கள் பிரியும் என்று சொல்லும், இந்திய இயற்பியலாளர் மேகநாத் சாகா 1920-ல் தந்த சமன்பாடு வெப்பநிலையைக் கொடுத்துவிடும். எலக்ட்ரானை எளிதில் விடும் பொட்டாசியத்தைத் தெரிந்த அளவில் தீயில் கலந்துகொள்வார்கள். 1,700 டிகிரி 1,900 ஆனால் எலக்ட்ரான்கள் மூன்று மடங்குக்கு மேல் பெருகும். அதனால், எலக்ட்ரான் கணக்கில் பத்து சதவீதம் பிசகினாலும் வெப்பநிலையில் ஒரு சதவீதம்கூடப் பிசகாது. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் அலை எங்கே பாய்கிறது என்பது முக்கியம். எரிதல் நடக்கும் நீல அடுக்கில், வெப்பத்தால் அல்லாமல் வேதிவினையாலேயே எலக்ட்ரான்கள் ஏராளமாகப் பிறக்கின்றன. அங்கே அளந்தால் இல்லாத சூட்டைக் காட்டும். எரிந்து முடிந்த வாயுவில்தான் அளக்க வேண்டும். பண்ருட்டி முந்திரித் தோடு, சவுக்கு விறகு எரிக்கும் பாய்லர்களில் வேறு சிக்கல்: எரிபொருளிலேயே பொட்டாசியம் இருக்கிறது, அதன் அளவும் மாறிக்கொண்டே இருக்கும்.

ஆகவே ஆலைக்கு நான் சொல்வது உறிஞ்சு பைரோமீட்டர். கவசத்துக்குள் இருக்கும் தெர்மோகப்பிள்மேல் வாயுவை வேகமாக இழுப்பதால் கதிர்வீச்சு இழப்பு வெகுவாகக் குறையும். அவ்வப்போது அதை வைத்து, நிரந்தரத் தெர்மோகப்பிள் எவ்வளவு குறைத்துச் சொல்கிறது என்று பாருங்கள். அந்த வித்தியாசத்தையும், எந்த லோடில், எந்த இடத்தில் எடுத்தது என்பதையும் லாக் புக்கிலேயே எழுதிவையுங்கள்.