ஆர்வம் எங்கிருந்து ஊறுகிறது?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு வாரம் முழுக்க ஆங்கிலம் பேசாமலே இருந்துவிடலாம். காலையில் ரொட்டிச் சானாய் கடையில் தமிழ், பாசாரில் (சந்தையில்) மலாய், தோட்டத்து வீட்டுக்குத் திரும்பினால் மறுபடி தமிழ். பள்ளிக்கூட மணியோடு தொடங்கும் ஆங்கிலம் மணியோடு முடிந்துவிடும். இங்கே மாலை வகுப்பு எடுக்கும் என்னிடம் பெற்றோர் சொல்வது ஒன்றுதான்: "டீச்சர், இவனுக்கு இங்கிலீஷ் மேல ஆர்வமே இல்ல."

ஆர்வம் வந்தால் படிப்பு வரும் என்ற கணக்கு அது. நான் பார்த்தவரை பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது. நேற்றுத் தெரியாத ஒன்று இன்று தெரிகிறது என்று பிள்ளைக்கே தட்டுப்படும்போதுதான் ஆர்வம் ஊறத் தொடங்குகிறது.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் மனத்துக்கு மூன்று தேவைகள் உண்டு என்கிறார்கள்: நானே தேர்ந்தெடுத்தேன், என்னால் முடிகிறது, என் மனிதர்கள் கூட இருக்கிறார்கள். இந்த மூன்று உணர்வும் கிடைத்தால் யாரும் தள்ளாமலே ஒரு வேலை தொடரும். 1971-ல் டெசி மாணவர்களிடம் புதிர்க் கட்டைகளைக் கொடுத்தார். ஒரு பிரிவினருக்கு இடையில் காசு கொடுத்து, அப்புறம் நிறுத்தினார். காசு நின்றதும், அவர்கள் ஓய்வு நேரத்தில் கட்டைகளோடு செலவிட்ட நேரம் முன்பைவிடக் குறைந்தது. "ஏ எடுத்தால் புதுப் போன்" என்று ஆசை காட்டும் அப்பாக்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நம் பிள்ளைகள் அதிகம் இடறுவது 'என்னால் முடிகிறது' என்ற இடத்தில். காரணம் மறதி. ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு வேகமாக நழுவுகின்றன என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போயிருந்தது. அப்படியென்றால், ஞாயிற்றுக்கிழமை 40 சொற்களை எழுதி எழுதிப் படித்த பையன் திங்களன்று விழிப்பதில் சோம்பேறித்தனம் எதுவும் இல்லை. ஆனால் அவன் "எனக்கு வராது" என்று முடிவு கட்டிவிடுகிறான்.

இதற்கு மருந்து உண்டு. 2006-ல் அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரே தடவை படித்து, பிறகு மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டால், அவர்களுக்கு 40 விழுக்காடு, நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 61. தலைக்குள் தேடி எடுக்கும் அந்தச் சிரமம்தான் நினைவைக் கெட்டிப்படுத்துகிறது. திரும்பத் திரும்பப் படிப்பது சுகமாக இருக்கும், தெரிந்துவிட்டது போலவும் இருக்கும். அந்தச் சுகம்தான் ஏமாற்றுகிறது.

தேடுவதற்கு இடைவெளியும் வேண்டும். என் அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். ஒரு மரத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெட்டுவார். ஓயாமல் வெட்டினால் பால் வற்றிப்போகும். மரம் வேறு, மூளை வேறு, தெரியும். ஆனாலும் இடைவெளி வீண் இல்லை என்பதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நெருக்கமான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. இன்றைக்கு ஐந்து சொல், நாளைக்கு அதே ஐந்தைத் தேடு, மூன்று நாள் கழித்து மறுபடி தேடு. ஐந்து போதும். எண்ணிக்கை ஏறினால் தோல்வியும் ஏறும்.

இதை வகுப்பிலேயே செய்து முடிக்க முடியாது. செய்தித்தாளை அகராதி இல்லாமல் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) வேண்டும் என்பது மொழியியலாளர் பால் நேஷனின் கணக்கு. மீதியைப் பிள்ளை தானாகத்தான் தேடிக்கொள்ள வேண்டும். எதைப் படிப்பது என்பதையும் அவனிடமே விட்டுவிடலாம். என் மாணவன் ஒருவன் பந்து விளையாட்டுச் செய்தி தவிர எதையும் தொட மாட்டான். சரி, அதையே படிக்கட்டும்.

எப்போது படிப்பது என்பதை மட்டும் ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றோடு கட்டிவிட வேண்டும். "தேத்தண்ணி குடித்து முடித்ததும்" என்பது நல்ல நேரம். லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரின் குழுவினர் 96 பேரைப் பின்தொடர்ந்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமல் நடக்கும் பழக்கமாக ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை பிடித்தது. நடு அளவு 66 நாள். இடையில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் கெடுக்கவில்லை. இரண்டாம் வாரமே கைவிடுகிற பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

'என் மனிதர்கள் கூட இருக்கிறார்கள்' என்ற மூன்றாவது உணர்வு எனக்கு நெருக்கமானது. சின்ன வயதில் ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்தேன். வகுப்பே சிரித்தது. இரண்டு வருடம் நான் ஆங்கிலத்தில் வாயே திறக்கவில்லை. அதனால் இப்போது ஆங்கிலம் தெரியாத அம்மாக்களையே பரீட்சை வைக்கச் சொல்கிறேன். பிள்ளை நோட்டில் இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஆங்கிலம் எழுதும். அம்மா வலது பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு தமிழை மட்டும் வாசிப்பார்.

போன வாரம் ஒரு லயத்து வீட்டு வாசலில் பார்த்தேன். செம்பனைத் தோட்ட வேலை முடித்து வந்த அம்மா, கை காய்வதற்குள் நோட்டைப் பிடித்துக்கொண்டு "அறுவடை" என்றார். பையன் கூரையைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான், அப்புறம் சொன்னான். அம்மா கையை எடுத்துப் பார்த்துவிட்டு, தானும் ஒரு தடவை அந்தச் சொல்லை மெல்லச் சொல்லிப் பார்த்தார்.