மேசைகளைச் சேர்த்துப் போட்டால் குழுக் கற்றல் ஆகிவிடாது

ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் அவர்களின் வகுப்பைப் போய்ப் பார்ப்பதும் என் வேலை. இந்த வாரமும் அதே காட்சி. ஆறு பேர், நடுவில் ஒரு சார்ட். ஒரு சிறுமி மட்டும் குனிந்து எழுதுகிறாள், பக்கத்துப் பையன் ஸ்கெட்ச் பேனா மூடியைத் திறந்து திறந்து கொடுக்கிறான், மற்ற நாலு பேருக்கும் வேலையே இல்லை. கடைசியில் ஆறு பேருக்கும் ஒரே மதிப்பெண்!

"நல்லா படிக்கிற பிள்ளை மத்தவங்களையும் கூட்டிட்டுப் போயிடும்" என்கிறார்கள். போகாது. வேலையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்பதால் அவளே எல்லாவற்றையும் செய்துவிடுவாள். கேட்கத் தயங்குகிற பிள்ளை, விடையைப் பார்த்து எழுதிவிட்டுப் புரிந்ததாகத் தலையாட்டும். இரண்டு பேருக்குமே நஷ்டம். அவளுக்கும் அது ஒரு வகுப்புதான், சம்பளமில்லாத ஆசிரியராக அவளை உட்கார வைக்காதீர்கள்.

மற்றவர் இல்லாமல் வேலை முடியக் கூடாது, அதே சமயம் ஒவ்வொருவரும் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். குழுக் கற்றல் பற்றி அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்களான ஜான்சன் சகோதரர்கள் எழுதியதில் மையமான இரண்டு நிபந்தனைகள் இவை. உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் கொண்டுவந்த ஜிக்சா முறையில் இரண்டும் இருக்கின்றன. பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். ஒரே துண்டு கிடைத்தவர்கள் முதலில் ஒன்றாக உட்கார்ந்து அதை அலசுவார்கள், அப்புறம் அவரவர் குழுவுக்குத் திரும்பிப் போய்ச் சொல்லிக்கொடுப்பார்கள். தேர்வு தனித்தனியாகத்தான். பேசாத பிள்ளையின் கையில் இருக்கிற துண்டு எல்லோருக்கும் தேவை, அதனால் மற்றவர்களே அவளிடம் கேள்வி கேட்டுக் கேட்டு அவளைப் பேச வைப்பார்கள். 

ஒரு குழுவில் நாலு பேருக்கு மேல் வேண்டாம், ஜிக்சாவுக்கு மட்டும் ஐந்தாறு பேர் இருக்கலாம். குழுவை நீங்களே பிரியுங்கள், நண்பர்கள் ஒட்டிக்கொண்டு உட்கார விடாதீர்கள். குழுவில் ஆளுக்கு ஒரு எண் கொடுத்து, கலந்து பேசி முடித்ததும் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லிக் கூப்பிடுங்கள், யார் எண் வரும் என்று தெரியாதபோது நாலு பேரும் தயாராகத்தான் இருப்பார்கள். குழுவுக்குப் புள்ளி கொடுத்தே ஆக வேண்டுமா? சரி, கல்வி ஆய்வாளர் ராபர்ட் ஸ்லாவின் சொன்னபடி ஒவ்வொரு பிள்ளையும் தன் முந்தைய மதிப்பெண்ணைவிட எவ்வளவு முன்னேறியது என்று பார்த்து, அந்தப் புள்ளிகளைச் சேர்த்துக் கொடுங்கள். குழு வேலை நடக்கும்போது தயவுசெய்து விடைத்தாள் திருத்தாதீர்கள், எழுந்து நடங்கள், குழுவில் எதுவும் எழுதாத பிள்ளையிடம் முதல் கேள்வியைக் கேளுங்கள்.