சாம்பலைக் காட்டி சாவுக்குக் காரணம் கேட்காதீர்கள்

காடாற்றி, எலும்பு பொறுக்கிக் கடலில் கரைத்துவிட்டு, போஸ்ட்மார்ட்டம் செய்யும் டாக்டரான என்னிடம் வந்து நிற்கிறார்கள். "சார், இன்சூரன்ஸ்ல போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் கேக்கிறாங்க." எதைப் பார்த்து எழுதுவது?

எப்படி இறந்தார் என்று கேட்டால் "அதான் அட்டாக்காச்சே" என்பார்கள். ராத்திரி நன்றாகச் சாப்பிட்டுப் படுத்தவர் காலையில் எழவில்லை என்றால் ஊரே கூடி அட்டாக் என்று முடிவுகட்டிவிடுகிறது. இதயம் நிற்காமல் யாருக்கையா சாவு வரும்? கரண்ட் அடித்தவருக்கும் நிற்கும், கிணற்றில் விழுந்தவருக்கும் நிற்கும், புற்றுநோய் முற்றியவருக்கும் நிற்கும். இதயம் நின்றது என்றால் செத்துப்போனார் என்று அர்த்தம், அவ்வளவுதான். மாரடைப்பு வேறு சங்கதி: இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்து, அந்தத் தசை செத்துப்போவது. வாசலில் நின்று எட்டிப் பார்த்து அதைச் சொல்ல எனக்கும் தெரியாது, உங்கள் பெரியப்பாவுக்கும் தெரியாது.

எங்கள் டாக்டர்களும் யோக்கியமில்லை. இறப்புக் காரணச் சான்றில் (ஆஸ்பத்திரியில் இறந்தால் படிவம் 4, வீட்டில் என்றால் 4ஏ) 'கார்டியாக் அரெஸ்ட்' (இதயம் நின்றது) என்று ஒரே வரியில் கையெழுத்துப் போடுகிறார்கள். சங்கிலியாக எழுத வேண்டியது அது. முதல் வரியில் செப்டிக் ஷாக் (கிருமித் தொற்று முற்றி ரத்த அழுத்தம் சரிவது), அதற்குக் கீழே கால் அழுகல், அதற்கும் கீழே சர்க்கரை நோய். அந்தக் கடைசி வரிதான் அடிப்படைக் காரணம்.

அவசரத்தில் அதிகம் தப்பிப்போவது கட்டுவிரியன் கடி. தரையில் பாய் விரித்துப் படுத்தவரை நடுராத்திரி கடிக்கும். பெரும்பாலும் வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பட்ட தடம் கொசுக்கடி மாதிரிகூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி. வீட்டில் வாயுத் தொல்லை என்று சோடா கொடுப்பார்கள். பிறகு இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சுத் தசைகள் ஓய்ந்துபோகும். விடிந்ததும் 'அட்டாக்'. தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக்கியும், இப்படிப் போனவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

போஸ்ட்மார்ட்டத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு: முகத்தில் கத்தி படாது. உடலில் மேலிருந்து அடிவயிறு வரை ஒரு கீறல். தலையில் காதிலிருந்து காதுக்கு உச்சி வழியாக ஒன்று, அது முடிக்குள் மறைந்துவிடும். பார்த்து முடித்ததும் தைத்துத் தருவோம். கிட்னியைத் திருடிவிடுவார்களாம்! ரத்த ஓட்டம் நின்று பல மணி நேரமான கிட்னியை யாருக்கும் பொருத்த முடியாது. விஷச் சந்தேகம் இருந்தால் மட்டும் இரைப்பை, சிறுகுடல், ஈரல், கிட்னி இவற்றில் தேவையானதை, உப்பு அடியில் தங்குமளவுக்குச் செறிந்த கரைசலில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவோம். (உறுப்பைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டால் சோதனை கெட்டது. பயிற்சி மருத்துவர்கள் தயவுசெய்து கவனிக்கவும்.)

"வேண்டாம்னு எழுதிக் குடுக்கிறோம்" என்பது செல்லாது. பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்ற நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 194-ஆம் பிரிவின்படி அதை முடிவுசெய்வது விசாரணை அதிகாரி. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணையும் உண்டு.

நோயில் கிடந்தவர் என்றால், கடைசியாக வைத்தியம் பார்த்த டாக்டரைக் கூப்பிடுங்கள். முன்பின் பார்த்திராத டாக்டரிடம் சான்று கேட்டு மல்லுக்கு நிற்காதீர்கள். திடீர்ச் சாவு என்றால் முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள். அதுவரை குளிப்பாட்டாதீர்கள். போட்டிருந்த துணி, வாந்தி பட்ட போர்வை, மாத்திரை அட்டை, பாட்டில் எதையும் கழுவாதீர்கள், எறியாதீர்கள். துக்கத்தில் இதெல்லாம் கொடுமைதான், புரிகிறது. அரை நாள் பொறுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். ஒரு வருஷம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரைக்கும் அலைய வேண்டும். பதியும்போதே இறந்தவரின் ஆதாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர், இனிஷியல், அப்பா பெயர் எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பாருங்கள்.