பூஞ்சைக்கொல்லி ஏற்றுமதி: வாங்கும் நாடு பதிலே சொல்லாவிட்டால்?

ரோட்டர்டாம் உடன்படிக்கை, அதாவது ஆபத்தான பூச்சிமருந்துகள், ரசாயனங்களை நாடு விட்டு நாடு விற்பது பற்றிய பன்னாட்டு ஒப்பந்தம், என்றதும் "அது தடை செய்த மருந்துகளின் பட்டியல்தானே" என்று கேட்பவர்கள் அதிகம். இல்லை. அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் மருந்தை விற்கவே கூடாது என்று அர்த்தம் கிடையாது, வாங்கப்போகிற நாட்டின் முடிவு தெரியாமல் கப்பலேற்றக் கூடாது, அவ்வளவுதான். உடன்படிக்கை 1998-ல் ஏற்கப்பட்டு, 2004 பிப்ரவரி 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. பட்டியலுக்கு இணைப்பு 3 என்று பெயர்.

பூஞ்சைக்கொல்லிகளில் அங்கே இருக்கும் முக்கியமான பெயர் கேப்டஃபால். இதைக் கேப்டானோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டும் ஒரே குடும்பம், பெயரும் அண்ணன் தம்பி மாதிரி, ஆனால் கேப்டான் இணைப்பு 3-ல் இல்லை.

இன்னொன்று கொஞ்சம் விசித்திரமானது. பெனோமில் 7%, கார்போஃபியூரான் 10%, தைரம் 15%, இந்த மூன்றும் இந்த அளவிலோ அதற்கு மேலோ சேர்ந்த தூள் மருந்து. கலவையாகவே பட்டியலில் ஏறியிருக்கிறது. செனகலில் நிலக்கடலை விதைக்குப் பூசும் மருந்து இது; கையாண்ட விவசாயிகள் பாதிக்கப்பட்டதால் அந்த நாடே முன்மொழிந்தது. வழக்கமாக ஒரு பொருள் பட்டியலுக்குப் போக வேண்டுமென்றால் உலகின் வெவ்வேறு இரண்டு பிராந்தியங்களிலிருந்து, அதைத் தடை செய்தோ கடுமையாகக் கட்டுப்படுத்தியோ இருக்கிறோம் என்ற அறிவிப்பு வர வேண்டும். ஆனால் களத்தில் ஆளைச் சாய்க்கிற தயாரிப்பு என்றால் வளரும் நாடு ஒன்று மட்டும் கேட்டாலே பரிசீலனைக்கு எடுத்துக்கொள்வார்கள். இந்த உடன்படிக்கையில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி இதுதான்.

சரி, பட்டியலில் ஏறிய பிறகு? ஒவ்வொரு உறுப்பு நாட்டுக்கும் விளக்க ஆவணம் போகும். 9 மாதத்துக்குள் மூன்றில் ஒரு பதில்: இறக்குமதிக்குச் சம்மதம், சம்மதமில்லை, இன்னின்ன நிபந்தனையோடு சம்மதம். 'வேண்டாம்' என்று சொல்கிற நாடு அதே மருந்தை உள்ளூரில் தன் பயன்பாட்டுக்காகத் தயாரிக்கவும் விடக்கூடாது, வேறு எந்த நாட்டிலிருந்தும் வாங்கவும் கூடாது. உள்ளூர் ஆலையைக் காப்பாற்ற இந்த விதியைக் கேடயமாகப் பிடிப்பதைத் தடுக்கத்தான் அது.

பதிலே வராவிட்டால்? மௌனம் சம்மதம் என்பார்கள், இங்கே அது செல்லாது. பதில் வரவில்லை என்று உடன்படிக்கையின் செயலகம் அறிவித்து 6 மாதம் ஆனதும், அடுத்த ஓராண்டுக்கு அந்த நாட்டுக்குச் சரக்கு போகக்கூடாது. மூன்று விலக்குகள் உண்டு: அந்த மருந்து அங்கே பதிவாகி இருக்க வேண்டும், அல்லது முன்பே அங்கே பயன்பட்ட, இறக்குமதியான ஆதாரம் இருந்து அதைத் தடுக்கும் நடவடிக்கை எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும், அல்லது ஏற்றுமதி செய்பவர் அந்த நாட்டு அதிகாரியிடம் நேரடியாகக் கேட்டு வெளிப்படையான சம்மதம் வாங்கியிருக்க வேண்டும்.

இதோடு பலர் போட்டுக் குழப்புவது ஏற்றுமதி அறிவிப்பு. அது வேறு. ஒரு நாடு தன் வயலில் தடை செய்த மருந்தை வெளியே விற்கிறது என்றால், இணைப்பு 3-ல் அது இல்லாவிட்டாலும், தடைக்குப் பிறகான முதல் ஏற்றுமதிக்கு முன்பும், அப்புறம் ஆண்டுதோறும் முதல் சரக்குக்கு முன்பும், வாங்கும் நாட்டுக்குச் சொல்லியாக வேண்டும். பெற்றுக்கொண்டோம் என்ற பதில் 30 நாளில் வராவிட்டால் இரண்டாவது அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் சரக்கை நிறுத்து என்று இந்த விதி சொல்லவில்லை. இது தகவல்தான், அனுமதி கேட்பது இல்லை. தன் ஊர் வயலுக்கு ஆகாதது அடுத்தவன் வயலுக்கு ஆகுமா என்ற கேள்விக்கு உடன்படிக்கை பதில் சொல்வதில்லை.

ஆவணப் பக்கம் ஒன்றை மட்டும் பாருங்கள். பூஞ்சைக்கொல்லி என்றாலே சுங்கத்தில் சரக்கு வகைக் குறியீடாக 3808.92 என்று கை தானாக எழுதிவிடும். கேப்டஃபால் உள்ள தயாரிப்புக்கும், மேலே சொன்ன மூன்று மருந்துக் கலவைத் தூளுக்கும் 3808.59 என்று தனி இடம் இருக்கிறது. கூடவே பாதுகாப்புத் தரவுத் தாளும் போக வேண்டும், முடிந்தவரை வாங்கும் நாட்டின் ஆட்சிமொழி ஒன்றிலாவது.